ஆடினது, ஓடினது, நின்னது: தருமபுரியில ஒரு போட்டோ லேப் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது காசு வாங்கிட்டு எழுதுற ரிவ்யூ இல்ல, 2,800 ரூபா காசு குடுத்துட்டு எழுதுறது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம், மாடில இருக்குற ஒரு பழைய போட்டோ லேப். கடை பேரை போடல, ஏன்னா அந்த அண்ணனே "பேர் கீர்லாம் போடாதீங்க சார், நான் ஒத்த ஆளு, கூட்டம் வந்துச்சுன்னா சமாளிக்க முடியாது"ன்னுட்டார். நெஜமாவே வேணும்னா கேளுங்க, வழி சொல்றேன்.

விஷயம் என்னன்னா, எங்க கிருஷ்ணகிரி பக்கத்துப் பசங்க சில பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவ சின்னதா ஒரு போட்டோ போட்டி நடத்துவாங்க. அமெச்சூருக்கு மட்டும்தான், கல்யாண போட்டோகிராஃபர், ஸ்டுடியோக்காரங்க கலந்துக்கக் கூடாது. இந்த வருஷம் தலைப்பு "அசைவு". என்னை ஜட்ஜா கூப்பிட்டாங்க. என் தகுதி என்னன்னு கேட்டா, ஃபிலிம் காலத்துல அஞ்சாறு வருஷம் ஒரு ஸ்டுடியோல அசிஸ்டென்ட்டா இருந்தேன், லைட் புடிச்சது, டார்க் ரூம்ல ப்ரிண்ட் கழுவற ஹைப்போ கெமிக்கல் கரைச்சது, ஓனர் திட்டுனத வாங்கிக்கிட்டது, அவ்ளோதான். இப்ப டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கேன். கூட ரெண்டு ஜட்ஜு, ஒருத்தர் ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர், இன்னொருத்தர் போன வருஷம் ஜெயிச்ச காலேஜ் பொண்ணு, அது என்னை "ணா"ன்னும் மாஸ்டரை "சார்"னும் கூப்பிடும், ஆனா சண்டைன்னு வந்துட்டா ரெண்டு பேருக்கும் ஒரே மரியாதைதான்.

63 படம் வந்துச்சு. அத்தனையும் வாட்ஸ்அப்ல. ஃபோன்ல தள்ளித் தள்ளிப் பார்த்தா எல்லாமே சூப்பரா இருந்துச்சு, அதான் பிரச்சினையே. ஆறு இஞ்ச் ஸ்கிரீன்ல எந்தப் படமும் பளபளன்னுதான் இருக்கும், கொஞ்சம் ஆடியிருந்தாலும் தெரியாது. மாஸ்டருக்கு கேட்டராக்ட் ஆபரேஷன் வேற ஆயிருக்கு, "எனக்கு இதுல ஒன்னும் தெரியலப்பா, பேப்பர்ல போட்டுக் குடு, தரைல பரப்பி வச்சுப் பார்க்கலாம்"னார். அப்படித்தான் ப்ரிண்ட் யோசனையே வந்துச்சு, நான் ஒன்னும் பெரிய கலை நோக்கத்துல முடிவு பண்ணல.

முதல்ல பக்கத்துலயே ஒரு கடைல அஞ்சு படம் மட்டும் சாம்பிள் போட்டுப் பார்த்தேன், அது எந்தக் கடை எந்த ஊருன்னு சொல்லல, விடுங்க. வந்ததப் பார்த்து எனக்கு அழுவறதா சிரிக்கறதான்னு தெரியல. ராத்திரி தெருக்கூத்து படம் ஒன்னு, இருட்டுல ஒரே ஒரு ஃபோகஸ் லைட்டுல வேஷக்காரர் சுத்துறாரு, அத மெஷின் "ஐயோ இருட்டா இருக்கே"ன்னு நெனச்சு தானா வெளிச்சம் ஏத்தி, கூத்து பகல் ரெண்டு மணிக்கு நடந்த மாதிரி ஆக்கிடுச்சு, பின்னாடி கட்டுன தார்ப்பாய், அதுல இருக்குற ஓட்டை வரைக்கும் தெரியுது. இன்னொரு படத்துல ஓடுற மாட்டுக்கு கால் குளம்பே இல்ல, வெட்டிட்டாங்க. கேட்டா "சைஸுக்கு அப்படித்தான் சார் வரும்".

அப்பதான் காவேரிப்பட்டணத்துல ஒரு பழைய ஸ்டுடியோ ஃப்ரெண்டு சொல்லி, பஸ் ஏறி தருமபுரி போனேன்.

மாடிப்படி செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ளவங்க பார்த்து ஏறுங்க. உள்ள போனா ஒரு கவுன்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய ப்ரிண்ட் மெஷின், அந்த கெமிக்கல் வாசனை, எனக்கு அப்படியே இருபத்தஞ்சு வருஷம் பின்னாடி போன மாதிரி ஆயிடுச்சு. இங்க் ஜெட் இல்லீங்க, நெஜமான போட்டோ பேப்பர், லைட் பட்டு கெமிக்கல்ல கழுவி வர்றது. அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். பென்டிரைவ சொருகி ரெண்டு படம் பார்த்துட்டு, "இது வாட்ஸ்அப்ல வந்ததா சார்?"ன்னு கேட்டார், எப்படிங்க கண்டுபுடிச்சீங்கன்னேன், ரைட் கிளிக் பண்ணி காமிச்சார், நீளப் பக்கமே 1600 பிக்சல்தான் இருந்துச்சு. 8×12 இஞ்ச் சைஸ்ல போட்டா ஒரு இஞ்ச்சுக்கு 133 புள்ளிதான் வரும், நல்லா வரணும்னா 300 வேணும், அதாவது 3600க்கு 2400 இருக்கணும். "போட்டுத் தர்றேன், ஆனா மாட்டு மேல இருக்குற மயிரு எல்லாம் மெழுகு மாதிரி இருக்கும், அப்புறம் என்னை சொல்லக் கூடாது"ன்னார். போட மாட்டேன்னு சொல்லல, போட்டுட்டு கம்முன்னும் இருக்கல. அந்த எடத்துலயே எனக்கு கடைய புடிச்சுப் போச்சு.

திரும்ப வந்து 63 பேருக்கும் மெசேஜ் போட்டோம், ஒரிஜினல டாக்குமென்ட்டா அனுப்புங்க இல்ல டிரைவ்ல ஏத்துங்கன்னு. இதுல இன்னொரு லாபம், வாட்ஸ்அப்ல சாதா போட்டோவா அனுப்புனா எக்ஸிஃப், அதாவது படத்துக்குள்ள கேமரா எழுதி வைக்கற விவரம் எல்லாம் அழிஞ்சுடும், டாக்குமென்ட்டா வந்தா ஷட்டர் ஸ்பீடு என்ன, அதாவது ஷட்டர் எத்தன நேரம் தொறந்திருந்துச்சுன்னு பார்த்துக்கலாம். ரெண்டு பேர் அனுப்பவே இல்ல. ஏன் அனுப்பலன்னு நான் கேக்கல, ஒருத்தன் தானா ஃபோன் பண்ணி "அது நான் எடுத்தது இல்லணா, சித்தப்பா எடுத்தது"ன்னு ஒத்துக்கிட்டான், பாவம். ஆக 61. (63க்கும் சேர்த்து ரேட் பேசியிருந்ததால கடைசில அந்த ரெண்டுக்கு பதிலா வேற ஒன்னு போட்டோம், அத கடைசில சொல்றேன்.)

ரெண்டாவது தடவ போனப்ப அண்ணன் மூணு கேள்வி கேட்டார். ஃபோன் படம் நெறைய 4க்கு 3, பேப்பர் 3க்கு 2, அதனால நெரப்பிப் போட்டா மேலயும் கீழயும் வெட்டுப்படும், 16க்கு 9ல எடுத்திருந்தா அதுக்கு நேர் மாறா ரெண்டு சைடும் போயிடும், "முழுசா போட்டு வெள்ளை பார்டர் விடட்டுமா?" விடுங்கன்னேன். இந்த ஒரு கேள்வி அசைவு போட்டிக்கு எவ்ளோ முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க, ஓடுற பைக்குக்கு முன்னாடி ஒருத்தன் யோசிச்சு எடம் விட்டு எடுத்திருப்பான், அந்த எடத்த வெட்டிட்டா பைக்கு போய் சுவத்துல முட்டின மாதிரி ஆயிடும், நாம அந்தப் பையனுக்கு மார்க் கொறைப்போம், தப்பு பண்ணது கத்திரி. ரெண்டாவது, ஆட்டோ கரெக்‌ஷன் ஆஃப் பண்ணட்டுமா. பண்ணுங்க. மூணாவது, கிளாஸியா மேட்டா, அதாவது பளபளக்கற பேப்பரா பளபளக்காததா. நான் கிளாஸின்னேன், அவரு "எத்தன பேர் கை படும்?"னார், மூணு பேருன்னேன், "அப்ப மேட் போடுங்க, தரைல பரப்பினா ட்யூப் லைட்டு அடிக்காது, கை ரேகையும் விழாது"ன்னார். தரைல பரப்பப் போறோம்னு நான் பேச்சுவாக்குல சொன்னத ஞாபகம் வச்சிருக்கார் பாருங்க.

நான் இத எழுத உக்காந்ததே இதுக்கு அடுத்து நடந்ததுக்காகத்தான்.

அடுத்த நாள் மதியம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், ஃபோன் வருது. "சார், பதினேழு படம் ஆடிப் போயிருக்கு, போடட்டுமா வேணாமா? சும்மா பேப்பர் வேஸ்ட்." எனக்கு சிரிப்பு. அண்ணே, போட்டியே அசைவுதான், ஆடாம எப்படின்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம் சொன்னார், "அது தெரியும் சார். ஆள் ஓடுனது வேற, கேமரா ஆடுனது வேற. நான் சொல்றது ரெண்டாவது." முப்பது வருஷத்துக்கு மேல அடுத்தவன் படத்த ப்ரிண்ட் போட்டே பொழப்ப ஓட்டுன மனுஷன், எங்க மூணு ஜட்ஜையும் ஒரே வரில உக்கார வச்சுட்டார். எல்லாத்தயும் போடுங்க, ஆனா தனியா கட்டி வைங்கன்னேன்.

போய் வாங்கறப்ப மூணு கட்டா ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தார், மேல ஒரு துண்டுச் சீட்டுல பேனாவால எழுதி. ஆடினது, ஓடினது, நின்னது. நின்னதுன்னா? "ஸ்பீடு ஏத்தி எடுத்து அப்படியே நிப்பாட்டுன படம் சார்." அதுதான் பெரிய கட்டு.

மாஸ்டர் வீட்டு மாடி ஹால்ல ஞாயித்துக்கிழம காலைல பாய் விரிச்சு பரப்பினோம். மொதல்ல மார்க் போடற முறைதான் ட்ரை பண்ணோம், அசைவுக்கு பத்து, படத்துக்கு பத்து, டெக்னிக்குக்கு பத்துன்னு. கூட்டிப் பார்த்தா மேல வந்தது எல்லாம் யாருக்கும் புடிக்காத படம்! எப்படின்னா ஒரு படத்துக்கு மாஸ்டர் ஒம்போது குடுக்கறார் அந்தப் பொண்ணு மூணு குடுக்குது, சராசரி ஆறு, இன்னொரு மொக்கப் படத்துக்கு மூணு பேரும் போனா போவுதுன்னு ஏழு போட்டிருக்கோம், அது முந்திடுது. சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு ஆளுக்கு அஞ்சு படம் எடுத்து நடுவுல வை, எதுக்கு எடுத்தேன்னு சொல்லுன்னு மாத்தினோம். போட்டிக்கு ஜட்ஜா போறவங்க யாராவது படிச்சீங்கன்னா இத மட்டும் செய்ங்க.

ஒகேனக்கல் மட்டும் பதினோரு படம். எல்லாம் ஆடி மாசத் தண்ணி, ஒன்னத் தவிர எல்லாமே அந்த பால் மாதிரி வழியற தண்ணி, இப்ப ஃபோன்லயே லாங் எக்ஸ்போஷர் (ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சு எடுக்கறது) இருக்கறதால பட்டன் அமுக்கினா பால் வந்துடுது. தனித்தனியா பார்த்தா அழகு, பத்தையும் வரிசையா வச்சா பால் பூத். மாஸ்டர் சொன்னார், "ஒகேனக்கல்னா புகையிற கல்லுன்னு அர்த்தம், கன்னடத்துல ஹொகேன்னா புகை. அந்தத் தண்ணி பாறைல மோதி தூள் தூளா செதறி புகையா எழும்புது, அதனாலதான் அந்தப் பேரு. இவனுங்க அந்த மோதலத் தொடச்சுட்டு மெத்து மெத்துன்னு பஞ்சாக்கி வச்சிருக்கானுங்க." எனக்கு அது சரின்னு பட்டுச்சு. அசைவ காட்டணும்னு ஷட்டர ரெண்டு செகண்ட் தொறந்து வச்சா அசைவே அழிஞ்சு போயி தண்ணி தூங்குற மாதிரி ஆயிடுது.

பதினோராவது ஒகேனக்கல் படம் மட்டும் வேற. அது எங்க இருந்துச்சு தெரியுமா, "ஆடினது" கட்டுல. பரிசல்ல உக்காந்துக்கிட்டே எடுத்தது. பரிசல்காரர் நடு ஆத்துல கொண்டு போயி சர்ருன்னு சுத்தி விடுவார்ல, போனவங்களுக்குத் தெரியும், அந்த நேரத்துல கேமராவ பரிசலோட மூங்கில் விளிம்புல அழுத்தி வச்சுக்கிட்டு 1/15 செகண்டுல அடிச்சிருக்கா ஒரு பொண்ணு. கேமராவும் பரிசலோட சுத்துது, எதிர்ல உக்காந்திருக்கற ரெண்டு புள்ளைங்களும் பரிசலோட சுத்துது, அதனால அதுங்க மூஞ்சி ஷார்ப்பா இருக்கு, ஒன்னு வாயத் தொறந்து கத்துது ஒன்னு கண்ண இறுக்கி மூடிக்கிச்சு, பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்குற பாறைச் சுவரு மட்டும் வளையல் மாதிரி வளைஞ்சு இழுபட்டு ஓடுது. ஃபோன்ல பார்த்தப்ப நானே இத தள்ளிட்டேன், ஏதோ ஆடிப் போச்சுன்னு நெனச்சு. 8×12ல அந்தப் புள்ளையோட பல்லு எண்ணலாம்.

அண்ணனோட பிரிப்புல எனக்கு ஒத்துப் போகாத ஒரே எடம் இதுதான், ஆனா அவரு மேல தப்பு சொல்ல முடியாது, மானிட்டர்ல ஒரு செகண்ட் பார்த்துப் பிரிச்சிருப்பார். அவரு பிரிச்ச முறைய அப்புறம் அவரே சொன்னார், படம் பூரா ஒரே பக்கமா ஒரே அளவு இழுபட்டிருந்தா கை ஆடியிருக்கு, எங்கயாவது ஒரு எடமாச்சும் நின்னிருந்தா பொருள் ஓடியிருக்கு. இத நான் அந்தப் பசங்க கிட்ட சொன்னப்ப ஒரு பழைய கதையும் சேர்த்து சொன்னேன். 1838ல பாரிஸ்ல டாகேர்னு ஒருத்தர் ஜன்னல்ல இருந்து ஒரு ரோட்ட எடுத்தார், பட்டப்பகல், வண்டியும் குதிரையும் ஆளுமா போயிக்கிட்டு இருக்கற ரோடு, ஆனா எக்ஸ்போஷர் சில நிமிஷம் புடிக்கறதால ஓடுனது எதுவும் பதியல, ரோடே காலி. ஓரமா ஒருத்தர் நின்னு ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தார், அவரு மட்டும் விழுந்தார். போட்டோல விழுந்த மொதல் மனுஷன்னு அவரத்தான் சொல்றாங்க, அதுவும் நின்னதால.

நெறைய வந்தது எருது விடும் விழா படம், பொங்கல் முடிஞ்ச கையோட நடத்துன போட்டின்றதால எதிர்பார்த்ததுதான். பதினாலு. அத்தனையும் "நின்னது" கட்டு. எக்ஸிஃப் பார்த்தா 1/2000, 1/3200ன்னு போட்டிருக்கானுங்க, மாடு என்ன, ஈ பறந்தாலும் நின்னுடும். மாடு மணிக்கு 40 கிலோமீட்டர்ல ஓடுதுன்னு வச்சுக்குங்க, செகண்டுக்கு 11 மீட்டர், 1/2000ல அது நகர்றது அரை சென்டிமீட்டர். படத்துல மாடு மியூசியத்துல பாடம் பண்ணி வச்ச மாதிரி நிக்குது. நான் நிப்பாட்டி எடுக்கறதே தப்புன்னு சொல்ல வரல, 1878ல அமெரிக்கால மைபிரிட்ஜ்னு ஒரு போட்டோகிராஃபர் பன்னெண்டு கேமராவ வரிசையா வச்சு ஓடுற குதிரைய நிப்பாட்டித்தான் எடுத்தார், நாலு காலும் ஒரே நேரத்துல தரைய விட்டு எழும்புதுன்னு அதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க, அதுவும் எழும்பறது கால்களை மடக்கி வயித்துக்குக் கீழ வச்சிருக்கறப்பதான், நீட்டி வச்சிருக்கறப்ப இல்ல, அதுவரைக்கும் ஓவியருங்க எல்லாம் நீட்டித்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நிப்பாட்டுனா கண்ணுக்குத் தெரியாத ஒன்ன காட்டணும். இந்தப் பதினாலுல ரெண்டுதான் அப்படி இருந்துச்சு. ஒன்னுல மாடு திரும்பறப்ப மண்ணு விசிறி மாதிரி எழும்பி அதோட வாலுக்கு மேல நிக்குது.

இன்னொன்னுதான் பெரிய சண்டை. அதுல மாடே இல்ல. மாடு கடந்து போன அடுத்த செகண்ட், ரெண்டு பக்கமும் கட்டை கட்டியிருக்கற எடத்துல ஜனங்க, இந்தப் பக்கம் இருக்கறவங்க இன்னும் பின்னாடி சாஞ்சு கட்டைய ஒட்டிக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் தள்ளி இருக்கறவங்க அதுக்குள்ள முன்னாடி எட்டிப் பார்க்க சாஞ்சுட்டாங்க, நெல்லு வயல்ல காத்து போன தடம் மாதிரி கூட்டத்துல ஒரு வளைவு. மாஸ்டர் "இதுதான்யா படம்"னு எழுந்தே நின்னுட்டார். அந்தப் பொண்ணு "சார் தலைப்ப சொல்லாம இத யார் கிட்டயாவது காமிச்சா கூட்டத்துல சும்மா நிக்கறாங்கன்னுதான் சொல்லுவாங்க"ன்னுச்சு. நான் கீழ போயி மாஸ்டர் வீட்டம்மா கிட்ட ஒன்னும் சொல்லாம படத்த நீட்டினேன். "ஏங்க, எது வந்துச்சு, மாடா லாரியா?"ன்னு கேட்டாங்க. சண்டை முடிஞ்சுது. மூணாவது பரிசு.

பஸ் படம் ஆறு. அதுல ஒன்னுல டவுன் பஸ்ஸு சாஞ்ச மாதிரி இருந்துச்சு, ஜன்னல் கம்பி எல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சு. ஃபோன் சென்சார் மேல இருந்து கீழ வரி வரியா படிக்கறதால, கீழ் வரிய படிக்கறதுக்குள்ள பஸ் நகந்துடும், அதான் சாயுது. அந்தப் பொண்ணு "டிஃபெக்ட்டுணா"ன்னு ஒதுக்கிடுச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி லார்ட்டீக்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர் ரேஸ் காரை எடுத்தப்ப இதே மாதிரி சக்கரம் முட்டை வடிவத்துல முன்னாடி சாஞ்சு போச்சு, இன்னைக்கு அதத்தான் வேகத்துக்கு உதாரணமா காமிக்கறாங்கன்னு நான் வாதாடினேன். தோத்துட்டேன். உண்மைய சொன்னா அந்தப் பஸ் படத்துல சாய்வத் தவிர வேற ஒன்னும் இல்ல. தொப்பூர் கணவாய் ராத்திரி லாரி லைட் கோடு படம் நாலு, நாலும் ஒரே வளைவுல நின்னு எடுத்தது, போயிட்டு வாங்கப்பா, ஆனா ரோட்டோரம் நின்னு ட்ரைபாட் போட வேணாம், அந்த எறக்கத்துல பிரேக் புடிக்காம வர்ற லாரிங்களப் பத்தி நம்ம ஊருல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு பைக் படம் ஃபோன்ல எல்லாரும் வாயப் பொளந்து பார்த்தது, பின்னாடி பூரா கோடு கோடா ஓடுது பைக் கத்தி மாதிரி ஷார்ப். ப்ரிண்ட்ல பார்த்தா வீல் கம்பி ஒவ்வொன்னும் தெளிவா நிக்குது, சைடு ஸ்டாண்ட் நிழல் தரைல விழுந்திருக்கு, பையன் தலைய சுத்தி பேப்பர்ல கத்திரிச்ச மாதிரி வெள்ளை ஓரம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் கிட்டயே நிக்கற பைக்க ஓட விடறியா தம்பி. ஆப்ல பண்ணது, வெளிய.

கூத்து படம் இந்தத் தடவ கருப்பு கருப்பாவே வந்துச்சு, ஆட்டோ கரெக்‌ஷன ஆஃப் பண்ணி போட்டதால. புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் கட்டிக்கிட்டு வேஷக்காரர் சுத்தறார், பாவாடை தட்டு மாதிரி விரியுது, கண்ணாடிச் சில்லு பட்ட எடமெல்லாம் வளைஞ்ச கோடு. குறை என்னன்னா படம் பூரா வரி வரியா கருப்புப் பட்டை, அது லேப் தப்பு இல்ல, எல்ஈடி லைட்டு தப்பு, நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு நூறு தடவ மின்னும், அதுக்குப் பொருந்தாத ஸ்பீடுல எடுத்தா பட்டை விழும். 1/50 இல்ல 1/100 வச்சிருந்தா தப்பிச்சிருக்கும். பையன் 1/160ல எடுத்திருக்கான். மனசே வரல, ஆறுதல் பரிசு குடுத்தோம்.

மொத பரிசு பாலக்கோடு பக்கம் ஒரு பன்னெண்டாவது படிக்கற பையன். ஃபோன்தான், ஷட்டர் ஸ்பீட நாமளே வைக்கற ப்ரோ மோடு. பாட்டி கேழ்வரகு தூத்துறாங்க. ரோட்டுலயே ஸ்டூல் மேல ஏறி நின்னு மொறத்த தலைக்கு மேல தூக்கி காத்து வர்ற பக்கமா பார்த்து கொட்டறாங்க. நம்ம ஊர்ல எல்லாரும் ஆயிரம் தடவ பார்த்தது, சாயங்காலம் பைக்குல போறப்ப கண்ணுல தூசி விழுந்து திட்டிக்கிட்டே போவோம். 1/30. தானியம் நேரா கீழ விழுது, தூசும் உமியும் காத்தோட பக்கவாட்டுல போவுது. ஒரே கொட்டல்ல ரெண்டு வழி. விழற தானியம் கோடு கோடா, கீழ் பக்கம் வர்றப்ப ஒவ்வொரு கோடும் நெஜ அளவுல முக்கால் சாண் நீளம் இருக்கும், ஒன்றரை மீட்டர் விழுந்த பொருளுக்கு செகண்டுக்கு அஞ்சு மீட்டருக்கு மேல வேகம் வந்துடும், கணக்குப் போட்டுப் பார்த்தா கரெக்டா அவ்ளோதான் வருது. உமி மேகம் மாதிரி படத்த விட்டு வெளிய போவுது. பாட்டி கையும் மொறமும் லேசா அசையுது, ஸ்டூலும் பாதமும் அப்படியே நிக்குது, கால்ல போட்டிருக்கற மெட்டி வரைக்கும்.

மூணு பேரும் அஞ்சு அஞ்சு எடுத்தப்ப மூணு பேர் கைலயும் இருந்தது இந்த ஒரு படம்தான். சண்டையே இல்ல. ரெண்டாவது பரிசு பரிசல். அந்தப் பொண்ணு மட்டும் பரிசல்தான் மொதல்னு கடைசி வரைக்கும் சொல்லிச்சு, இப்பவும் சொல்லுது.

சரி, லேப் ரிவ்யூவுக்கு வர்றேன், குறையும் சொல்லணும்ல. ரெண்டு நாள்னு சொல்லிட்டு நாலு நாள் ஆச்சு, கரண்டு போனா மெஷின் சூடேற மறுபடி நேரம் புடிக்கும்னு காரணம். பார்க்கிங் சுத்தமா இல்ல, பைக்க கீழ டீக்கடை முன்னாடி விட்டா டீக்கடைக்காரர் மொறைப்பார், ஒரு டீ குடிச்சுட்டா சிரிப்பார். பில்லு கேட்டாதான் குடுக்கறார். ஒரு படத்துல, அது மாம்பூ மேல தேனீ பறக்கறது, ராயக்கோட்டைப் பக்கம் எடுத்தது, பச்சை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, சொன்னதும் வாதாடாம மறுபடி போட்டுக் குடுத்தார், காசு வாங்கல. பேக்கிங்தான் மோசம், வெறும் பேப்பர் கவர், பஸ்ஸுல கொண்டு வர்றதுக்குள்ள ஓரம் மடங்கிடுச்சு, நீங்க போனா கெட்டி அட்டை ரெண்டு கைல எடுத்துட்டுப் போங்க. காலைல பதினோரு மணிக்கு முன்னாடி போனா பொறுமையா பேசுவார், சாயங்காலம் பாஸ்போர்ட் சைஸ் கூட்டம், மூஞ்சி குடுத்துப் பேச மாட்டார். 8×12 ஒன்னு எனக்கு 45 ரூபா ஆச்சு, 63க்கு 2,835, முப்பத்தஞ்சு ரூபாய விட்டுட்டார்.

அந்த மிச்சம் ரெண்டு படம் என்ன ஆச்சுன்னா, ஒன்னு ஜெயிச்ச பையனுக்கு வீட்டுல மாட்ட இன்னொரு காப்பி. பாட்டி கிட்ட காமிச்சிருக்கான். அவங்க ரொம்ப நேரம் பார்த்துட்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, என் மூஞ்சி எங்கடா?"ன்னு கேட்டிருக்காங்க. உமி மறைச்சிருக்குல்ல, மூஞ்சியே தெரியாது. அவன் அத வந்து எங்க கிட்ட சொல்ல, ரெண்டாவது ப்ரிண்டு அதுக்கே ஆயிடுச்சு. பையன் பாட்டிய பட்டுப் பொடவை கட்ட வச்சு, சேர்ல உக்கார வச்சு, கைய தொடை மேல வச்சுக்கிட்டு நேரா கேமராவ பார்க்க சொல்லி ஒரு படம் எடுத்துட்டு வந்தான். லேப் அண்ணன் கிட்ட குடுத்தேன். மானிட்டர்ல பார்த்தவர் திரும்பி, "இது எந்தக் கட்டு சார்?"ன்னார்.